முழு விலை, அரை வேகம்

கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ நானா லீவில் வரப்போகிறார் என்றால், மன்னார் மாவட்டத்து முசலிப் பையன்களின் பட்டியலில் போனுக்கு மேலே இப்போது லெப்டொப் ஏறிவிட்டது. அதுவும் சும்மா லெப்டொப் போதாது. "நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் போட்டது" வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறவனுக்கு ஆட்டோகேட் ஓட வேண்டும், சிலாவத்துறையில் கல்யாண வீடியோ வெட்டுகிறவனுக்கு 4கே ஓட வேண்டும். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெட்டியில் அச்சடித்த வேகத்தில் எவ்வளவு இந்த வெயிலில் கைக்கு வரும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

ஒரு செயலி எவ்வளவு நேரம் முழு வேகத்தில் ஓடும் என்பதை அதன் சூடுதான் தீர்மானிக்கிறது. 95, 100 பாகை செல்சியசை நெருங்கியதும் தான் எரிந்துபோகாமலிருக்க அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உள்ளிருக்கும் விசிறி குளிரை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றை இழுத்து, உள்சூட்டை அதன் மேல் ஏற்றி வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். இழுக்கும் காற்றே கொதித்தால் அது என்ன செய்யும்? ஆப்பிள் நிறுவனம் தன் மெக்புக்குகளை 10 முதல் 35 பாகை வரையுள்ள இடத்தில் பாவிக்கச் சொல்கிறது. சித்திரை மாத நடுப்பகலில் தகரக் கூரையின் கீழ் இருந்து பார்த்தவர்களுக்கு அந்த 35 எங்கே நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. போதாக்குறைக்குச் சோளகம் வீசும் மாதங்களில் மணலும் உப்பும் காற்றோட்டத் துளைகளுக்குள் போய் அடைக்கும். மெத்தைமேல் வைத்து வேலை செய்தால் அடியிலிருக்கும் துளையும் மூடிக்கொள்ளும்.

பெயரும் ஏமாற்றும். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற கிராஃபிக்ஸ் சில்லை லெப்டொப் தயாரிப்பாளர்கள் 35 வொட்டிலிருந்து 115 வொட் வரை எந்த அளவிலும் பொருத்தலாம் என்று என்விடியா விட்டிருக்கிறது. 35 வொட் பெட்டியிலும் 115 வொட் பெட்டியிலும் ஒரே ஸ்டிக்கர்தான் இருக்கும். மெல்லிசான, அழகான மொடலில் பெரும்பாலும் குறைந்த வொட்டே இருக்கும். தடித்த, பாரமான, சத்தம் போடும் பெட்டியை யாரும் விரும்புவதில்லை. முசலிக்கு ஏற்றது அதுதான்.

அடுத்தது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் தீவே இருண்டது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று மின்பிறப்பாக்கிகளும் நின்றுபோக, அடுத்து வந்த நாட்களிலும் முறைவைத்து வெட்டினார்கள். மன்னார்த் தீவில் தம்பபவனியின் 30 காற்றாலைகள் சுழன்றாலும் அந்த மின்சாரம் தேசிய வலையமைப்புக்குத்தான் போகிறது. வலையமைப்பு விழுந்தால் நமக்கும் இருட்டு.

பேட்டரி இருக்கிறதே என்பார்கள். லெப்டொப்பின் பெரிய அனுகூலமும் அதுதான். வேலை அழியாமல் சேமித்து மூட அது தாராளமாகப் போதும். கனமான வேலையைத் தொடர மட்டும் போதாது. அனுமதி கேட்காமல் விமானத்தில் கொண்டுபோகக்கூடிய பேட்டரியின் எல்லை 100 வொட்-மணி. ஆகவே எவ்வளவு விலை உயர்ந்த லெப்டொப்பும் பொதுவாக அதைத் தாண்டாது. 150 வொட் இழுக்கும் இயந்திரத்துக்கு 90 வொட்-மணி பேட்டரி 36 நிமிடம்தான் வரும். அவ்வளவு வேகமாகக் கொடுக்கவும் பேட்டரியால் முடியாது என்பதால், பிளக்கைக் கழற்றியதுமே இயந்திரம் வேகத்தைக் குறைத்துவிடும். மின்வெட்டுக்குப் பயந்து வாங்கிய லெப்டொப்பின் வேகம் மின்வெட்டில்தான் கிடைக்காமல் போகிறது.

விலையைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. வளைகுடாவிலிருந்து வரும் லெப்டொப்பில் அரபு எழுத்து விசைப்பலகையைப் பொறுத்துக்கொள்ளலாம். அங்கே கொடுக்கும் உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா என்பதை அங்கேயே கேட்டு எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே கனமான வேலைக்கு உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. முத்துக்குளிப்புக் காலங்களில் தங்குவதற்காக ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்பில் கட்டிய டொரிக் மாளிகையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. ட்ரோனில் சில நூறு படங்களை எல்லாப் பக்கமும் எடுத்து, ஓப்பன் ட்ரோன் மேப் போன்ற இலவச மென்பொருளில் கொடுத்தால் அதை முப்பரிமாண மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். (ட்ரோனுக்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) அந்த மாதிரியை உருவாக்க 16 ஜீபீ ராம் திணறும். 32, 64 கேட்கும். மணிக்கணக்கில் முழுச் சூட்டில் ஓடும். பகலில் தொடங்கினால் லெப்டொப் பாதி வேகத்தில் தவழும். இரவு குளிர்ந்த பிறகு, அடியில் இரண்டு கட்டை கொடுத்து உயர்த்தி, விசிறிக்கு முன்னால் வைத்து ஓடவிடுவதே புத்தி.

என் தீர்ப்பு இதுதான். வீட்டுக்கு ஒரு நடுத்தர லெப்டொப் போதும். ராம் பலகையோடு ஒட்டப்படாமல் கழற்றி மாற்றக்கூடியதா, அடிமூடி சாதாரண ஸ்குரூடிரைவருக்குத் திறக்குமா, மன்னாரிலோ வவுனியாவிலோ விசிறி கிடைக்குமா என்று மூன்றையும் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். வாங்கிய பின் சார்ஜை 80 வீதத்தில் நிறுத்தி வையுங்கள். முழுதாக நிரம்பிச் சூட்டிலேயே கிடக்கும் பேட்டரிதான் சீக்கிரம் ஊதும்.

கனமான வேலை வருடத்தில் சில தடவைதான் வருகிறது. அதற்காக ஒவ்வொரு வீடும் லட்சக்கணக்கில் கொட்டுவதைவிட, சிலாவத்துறையில் ஏசி போட்ட ஓர் அறை, கூரையில் சூரியத் தகடு, உள்ளே ஒரு பலமான மேசைக் கணினி, முறைவைத்துப் பாவிக்க ஒரு பதிவேடு என்று இருந்தால் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் வீடியோ தொழில் செய்கிறவர்களுக்கும் போதும். முசலி பிரதேச சபை அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு ஓர் அறையாவது ஒதுக்கட்டும்.