வாடையற்ற விஷம்

2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவு, பாசிர் கூடாங் வட்டாரமெங்கும் மூக்கைத் துளைத்து, ஆயிரக்கணக்கானோரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, 111 பள்ளிகளை மூடச் செய்தபோது, அருகிலுள்ள மாசாய்வாசிகளுக்கு அபாயத்தை அவர்களுடைய நாசியே அறிவித்துவிட்டது. பழைய கூரைத் தகடுகளிலும் உட்கூரைப் பலகைகளிலும் கலந்திருக்கக்கூடிய கல்நாருக்கோ, அதாவது ஆஸ்பெஸ்டாசுக்கோ, வாடையுமில்லை, கண்ணெரிச்சலுமில்லை.

நூலாக நூற்கலாம், நெருப்பில் வேகாது, மின்சாரம் பாயாது என்னும் குணங்களெல்லாம் ஒரே கனிமத்தில் கூடியிருந்தமையால், கொதிகலன் போர்வை முதல் மோட்டார் பிரேக் வரை அது புகாத இடமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லுட்விக் ஹாட்செக் என்ற ஆஸ்திரியர் அதைச் சிமெண்டோடு சேர்த்துத் தகடாக்கும் முறையைக் கண்டபின், அத்தாப்பைப்போல் மக்காததும் தகரத்தைப்போல் துருப்பிடிக்காததுமான மலிவுக் கூரை ஏழைக் குடும்பங்களுக்கு வரப்பிரசாதமாகத் தோன்றியதில் வியப்பில்லை. கப்பல்களின் இயந்திர அறைகளிலும் அது தாராளமாக உபயோகமாயிற்று. புதிதாகப் பொருத்துவதைச் சர்வதேச விதிகள் 2011இல் முற்றாக விலக்கிவிட்டபோதிலும், அதற்கு முன் கட்டிய கப்பல்கள் பழுதுபார்க்க வரும் பட்டறைத் தொழிலாளர் இன்னும் எச்சரிக்கையாகவே இருக்க வேண்டும்.

தீங்கு தகட்டிலன்று, தூளில் இருக்கிறது. சிதையாத கூரை பெரும்பாலும் சாது. அதைத் துளையிட்டு, அறுத்து, உடைக்கும்போது கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் சுவாசகோசத்தின் ஆழத்தில் தங்கி, இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் நுரையீரல் இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸாகவோ, புற்றுநோயாகவோ, நுரையீரலைச் சூழ்ந்த சவ்வைப் பற்றும் மீசோதீலியோமாவாகவோ வெளிப்படுகின்றன. புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோயின் அபாயம் பன்மடங்காகிறது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் ஆலையில் உழைத்த நெல்லி கெர்ஷா 33 வயதில் மாண்டது 1924இல். அந்நாடு எல்லா வகைக் கல்நாரையும் தடுத்தது 1999இல். வியாதியின் மந்தகதி வியாபாரத்துக்கு எத்தனை அனுகூலம்!

மலேசியா 1986இல் கல்நார்த் தொழிலுக்கு விதிமுறைகள் வகுத்து, 1999இல் நீலக் கல்நாரைத் தடைசெய்தது. வெண்மை வகை அத்தடையில் அடங்கவில்லை. வெண்மை வகையும் புற்றுநோய்க் காரணியே என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. ஆயினும் இதில் அரசாங்கங்களின் கைகள் எளிதில் கட்டுண்டுபோவதுண்டு. கல்நார் இறக்குமதிக்கு 2018 ஜனவரி முதல் கட்டுப்பாடு விதிக்க இலங்கை முனைந்திருக்கையில், தேயிலைச் சரக்கில் ஒரு வண்டு அகப்பட்டதென்று கல்நார் விற்கும் ருஷியா 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலையை நிறுத்திவைத்தது. கொழும்பு தன் தீர்மானத்தைத் தள்ளிவைத்ததும், அம்மாத முடிவுக்குள் தேயிலைக்கு வழி திறந்தது. வண்டின்மேல் மட்டும் பழிபோட எனக்கு மனம் வரவில்லை.

மாசாயில் பழைய தாமான் வீட்டைப் புதுப்பிக்க எண்ணுவோர், தகடு எதனாலானது என்று பரிசோதித்தறியாமல் இயந்திர ரம்பத்தை ஏற்றலாகாது. கல்நாரென்று தெரிந்தால், நீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாகக் கழற்றி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி, பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைப்பதே முறை; கல்நார்த் தூளும் இழையும் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி திட்டமிடப்பட்ட கழிவாதலால், குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. மூக்கில் கட்டும் துணி இழையைத் தடுக்காது. வேலையுடுப்பை வீட்டுக்குக் கொண்டுவரவும் கூடாது: 1965இல் இலண்டனில் வெளியான ஆய்வொன்றில் கண்ட மீசோதீலியோமா நோயாளிகளுள், ஆலைக்குள் காலெடுத்து வைக்காமல், குடும்பத்தாரின் உடுப்பைத் துவைத்த பெண்களும் இருந்தனர்.