செஞ்சால்வியா

செஞ்சால்வியா (சால்வியா காக்சினியா) துளசி, புதினா குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. பூக்கள் சிவந்த குழல் வடிவானவை. இது அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளுக்கு உரியது. அங்கே இதன் தேனைத் தேடி ஓசனிச்சிட்டு வரும். அப்பறவை அக்கண்டங்களுக்கு வெளியே இல்லை. விதைப் பொட்டலத்தில் அதன் படம் இருந்தாலும், காங்கேயத்தில் வருவது ஊதாத் தேன்சிட்டும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டுமே. ஓசனிச்சிட்டு அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும். தேன்சிட்டு பெரும்பாலும் உட்கார்ந்து குடிக்கும். ஆகவே செடியருகே ஒரு குச்சியை நட்டு வைக்கலாம். (முருங்கைக் குச்சி வேண்டாம், துளிர்த்துவிடும்.)

மழை பெய்யும் ஐப்பசியில் விதைப்பது நல்லது. சித்திரை வெயிலில் நாற்று கருகும். செம்மண், மணல், மட்கிய சாணம் கலந்த தொட்டியில் விதையைத் தூவி, மிக மெல்லிதாக மண் மூடவும். முளைக்க வெளிச்சம் உதவும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முளைக்கும். நாற்றுகளை ஓரடி இடைவெளியில் நடவும். வாடிய பூக்கதிர்களைக் கிள்ளினால் மீண்டும் பூக்கும்.

பட்டாம்பூச்சிக்குத் தேன் மட்டும் போதாது. வெந்தய வரியன் எருக்கிலும், கறிவேப்பிலை அழகி கறிவேப்பிலையிலும் முட்டையிடும். இலையைத் தின்னும் புழுதான் பிறகு பட்டாம்பூச்சி ஆகிறது. அதற்கு மருந்தடித்துவிட்டுப் பூச்செடி வைப்பதில் பொருளில்லை. வேலியோரத்து எருக்கையும் வெட்டாமல் விடவும்.