ஐரிஷ் ஸ்டூவும் பசியின் நினைவும்

முதன்முதலாக ஐரிஷ் ஸ்டூ சாப்பிட்ட அன்று, சட்டியில் மிளகாய்த்தூள் போட மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், தண்ணீர், உப்பு, மிளகு. அவ்வளவுதான். இஞ்சி உள்ளிகூட இல்லை. அயர்லாந்தின் கோர்க் பகுதியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில், எழுபது வயது கடந்த அம்மா ஒருவர் இருந்தார். அவர்தான் அதைச் சமைத்துக் கொண்டுவந்து தந்தார். முதல் கோப்பையை மரியாதைக்காகச் சாப்பிட்டேன். இரண்டாவது கோப்பையை நானே கேட்டு வாங்கினேன்.

அதற்கு முன்னர் தஞ்சம் கோரியவர்களுக்கான தங்குமிடம் ஒன்றில் இருந்தேன். மூன்று வேளையும் சாப்பாடு தந்தார்கள், ஆனால் சமைக்க அனுமதி இல்லை. வன்னியில் அடுப்பு இருந்தபோது அரிசி இல்லை. இங்கே கடை நிறைய அரிசி இருந்தும் எனக்கு அடுப்பு இல்லை. ஆகவே சொந்தமாக ஒரு அடுப்புக் கிடைத்ததும், கண்ணில் பட்டதையெல்லாம் சமைக்கப் பழகினேன். அதில் ஒன்று அந்த அம்மாவின் ஸ்டூ.

இது ஏழைகளின் சாப்பாடு. அந்தக் காலத்தில் கிராமத்தவர்கள் செம்மறியைக் கம்பளிக்காகவும் பாலுக்காகவும் வளர்த்தார்கள். இளம் குட்டியை அடித்துச் சாப்பிட அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. வயது போன ஆட்டின் கழுத்து இறைச்சிதான் சட்டிக்கு வந்தது. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் நெருப்பின் மேல் இரும்புப் பானையைத் தொங்கவிட்டு, மணிக்கணக்காக வேகவைத்தார்கள். வெள்ளாட்டுக் குட்டியின் இறைச்சியிலும் செய்திருக்கிறார்கள். எனவே எங்கள் ஊர் ஆட்டிறைச்சியில் செய்வது பிழையில்லை. கரட் போடலாமா கூடாதா என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு. அந்த அம்மா போடுவார்.

செய்யும் விதம்

ஐந்து பேருக்கு: எலும்போடு கழுத்து அல்லது தோள் இறைச்சி 1 கிலோ, உருளைக்கிழங்கு 1 கிலோ, பெரிய வெங்காயம் 4, விரும்பினால் கரட் 3, தைம் இலை ஒரு சிறு கொத்து, உப்பு, மிளகு. கடைசியில் தூவ பார்ஸ்லி இலை. கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், கொத்தமல்லி இலை வேண்டாம்.

இறைச்சியைப் பெரிய துண்டுகளாக வெட்டிப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க விடுங்கள். மேலே வரும் நுரையோடு அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு இறைச்சியைக் கழுவி எடுங்கள். செம்மறி இறைச்சியின் வெடுக்கு பெரும்பாலும் இதிலேயே போய்விடும்.

அடுத்தது கிழங்கு. இந்தச் சமையலின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. அயர்லாந்தில் மாப்பிடிப்பான கிழங்கு, இறுக்கமான கிழங்கு என்று இரண்டு வகையும் வாங்கலாம். மாக்கிழங்கு கரைந்து குழம்பைத் தடிப்பாக்கும், மற்றது துண்டாக நிற்கும். எங்கள் கடைகளில் அப்படிப் பிரித்து விற்பதில்லை. அதற்கும் வழி உண்டு. பாதிக் கிழங்கை மெல்லிய வில்லைகளாகச் சீவுங்கள், மீதியை இரண்டாக மட்டும் வெட்டுங்கள். மெல்லியவை கரையும், பெரியவை நிற்கும்.

சட்டியின் அடியில் மெல்லிய கிழங்கு, அதன்மேல் வெங்காயம், அதன்மேல் இறைச்சி, கரட், தைம், உப்பு, மிளகு என்று அடுக்குங்கள். தண்ணீர் மட்டுமட்டாக மூடினால் காணும், ஒரு லீற்றர் அளவு வரும். ஒருமுறை கொதித்ததும் நெருப்பைக் குறைத்து மூடிவிடுங்கள். குட்டி இறைச்சிக்கு ஒன்றரை மணித்தியாலம், வெள்ளாட்டுக்கும் முற்றிய செம்மறிக்கும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். முடிய முக்கால் மணித்தியாலம் இருக்கும்போது பெரிய கிழங்குகளை மேலே வையுங்கள். கிண்டவேண்டாம். அடிப்பிடிக்குமோ என்று பயமிருந்தால் சட்டியை மெல்ல ஆட்டிவிடுங்கள். இன்று வைத்து நாளைக்குச் சூடாக்கினால் ருசி இன்னும் கூடும்.

சட்டி வேகும் நேரத்தில்

இரண்டு மணித்தியாலம் அடுப்படியில் இருந்தால் கதை வரத்தானே செய்யும். ஒருநாள் கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது, இந்தக் கிழங்கு அழுகித்தான் எங்கள் ஆட்கள் செத்தார்கள் என்று அந்த அம்மா சொன்னார்.

1845 இல் உருளைக்கிழங்கைத் தாக்கிய நோய் அயர்லாந்துக்கு வந்தது. ஏழைகள் லம்பர் என்ற ஒரே இனத்தையே பெரும்பாலும் நட்டிருந்தார்கள், அதுவே அவர்களுடைய முழுச் சாப்பாடும். தோட்டங்கள் அப்படியே அழுகின. 1841 குடிசனக் கணக்கெடுப்பில் 80 இலட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் தொகை, 1851 இல் ஏறத்தாழ 65 இலட்சமாகக் குறைந்தது. சுமார் 10 இலட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் இறந்தார்கள். அதைவிடக் கூடுதலானோர் கப்பல் ஏறினார்கள். அதே ஆண்டுகளில் தானியமும் வெண்ணெயும் கால்நடைகளும் பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தன. வெளியிலிருந்து சோளம் வந்ததும் உண்மைதான். வாங்கக் காசு இல்லாதவனுக்கு அது எட்டவில்லை.

1847 இல் அரசாங்கம் சூப் கொடுக்கும் கூடங்களைத் திறந்தது. அந்த ஆண்டு யூலையில் நாளொன்றுக்கு சுமார் 30 இலட்சம் பேர் அதை வாங்கிக் குடித்தார்கள். லண்டனில் புகழ்பெற்றிருந்த அலெக்சிஸ் சோயர் என்ற பிரெஞ்சு சமையற்காரர் டப்ளினில் ஒரு மாதிரிக் கூடத்தை அமைத்தார். அவருடைய ஒரு சூப்பில் ஏறத்தாழ 9 லீற்றர் தண்ணீருக்குப் போட்ட இறைச்சி 113 கிராம். அந்தக் கூடங்களையும் 1847 இலேயே மூடிவிட்டார்கள். பஞ்சம் அதற்குப் பிறகும் நீடித்தது.

குவேக்கர்கள் போன்றோர் நிபந்தனை எதுவும் இல்லாமல் சூப் கொடுத்தார்கள். சில மதக் குழுக்களோ மதம் மாறினால்தான் சூப் என்றன. "சூப் வாங்கினவன்" என்பது இன்றும் அங்கே ஒரு வசை. பசித்தவன் ஒரு கோப்பை வாங்கியதைப் பேரப்பிள்ளைகள் வரை சொல்லிக்காட்டியிருக்கிறார்கள். அந்த அம்மாவின் வீட்டில் பஞ்சத்தைப் பற்றிப் பெரியவர்கள் கதைக்கவே மாட்டார்களாம். பசித்ததை வெட்கமாக நினைத்தார்கள் என்றார். அரசு ஆண்டுதோறும் நடத்தும் தேசிய நினைவுகூரல் 2008 இல்தான் தொடங்கியது. அண்மைய ஆண்டுகளில் அது மே மாதத்தில் நடக்கிறது.

மே என்றதும் நான் எங்கள் கஞ்சியைப் பற்றிச் சொன்னேன். 2009 இல் முள்ளிவாய்க்காலில் நாங்கள் குடித்தது அரிசியும் தண்ணீரும். உப்பு இருந்தால் உப்பு. கஞ்சிக்கு வரிசையில் நின்ற இடத்திலேயே ஷெல் விழுந்து செத்தவர்கள் இருக்கிறார்கள். இப்போது மே மாதத்தில் அதே கஞ்சியைக் காய்ச்சி வீதியில் கொடுக்கிறோம். 2024 மே மாதத்தில் திருகோணமலை சம்பூரில் அப்படிக் கொடுத்த பெண்களைப் பொலிஸார் கைதுசெய்தார்கள். இதைச் சொன்னபோது, கஞ்சி கொடுத்ததற்கா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

கோர்க்கில் மிடில்டன் என்ற ஊரில், துருப்பிடிக்காத உருக்கில் செய்த ஒன்பது பெரிய இறகுகள் வட்டமாக நிற்கின்றன. தூரத்தில் நின்று பார்த்தால் வெறும் கோப்பை போலத் தெரியும். 1847 இல் அமெரிக்காவின் சோக்டோ பழங்குடி மக்கள் அயர்லாந்தின் பசிக்கு 170 டொலர் அனுப்பியதன் நினைவு அது. சொந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்டு, வழியிலே பலரைப் பறிகொடுத்து, அப்போது இருபது ஆண்டுகூட ஆகாத மக்கள் அவர்கள்.

அந்த அம்மா என் கஞ்சியைக் குடித்துப் பார்த்தார். எப்படிச் செய்வது என்று கேட்டார். அரிசி, தண்ணீர், உப்பு என்றேன். வேறொன்றும் இல்லையா என்றார். இல்லை என்றேன். கோப்பையில் இருந்ததை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் வைத்தார்.

இப்போது மே மாதத்தில் எங்கள் வீட்டில் ஒருநாள் கஞ்சி, ஒருநாள் ஸ்டூ. இங்கே பிறந்த என் மகள் இரண்டுக்கும் கதை கேட்பாள். அவளுடைய பள்ளிக்கூடப் புத்தகத்தில் 1847 இருக்கிறது. 2009 அதில் இல்லை. கஞ்சி காய்ச்சும் நாளில் அதை நான்தான் சொல்லவேண்டும்.