குடும்ப மருத்துவரின் பத்து நிமிடம்

இங்கிலாந்தில் உடம்புக்கு எது வந்தாலும் மக்கள் முதலில் போவது குடும்ப மருத்துவரிடம்தான். ஒரு நோயாளிக்கு வழக்கமாகப் பத்து நிமிடம். தலைவலி என்று வந்தவர் எழுந்து கிளம்பும்போதுதான் மகன் இறந்துபோனதைச் சொல்லி அழுவார். அதற்குள் அடுத்தவர் வாசலில் காத்திருப்பார். சாதாரண இருமலா, நுரையீரல் புற்றுநோயா என்பதை ஸ்கேன் கையில் இல்லாமல் தனியாக யூகித்தாக வேண்டும். நாளொன்றுக்கு 25 பேருக்கு மேல் பார்ப்பது பாதுகாப்பல்ல என்கிறது பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம். அந்த வரம்பைத் தாண்டித்தான் பலர் உழைக்கிறார்கள். இவர்களிடம் மனச்சோர்வு பெருகுவதற்கு வேலையின் அமைப்பே முதற்காரணம் என்பேன். வேலைக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள இந்தத் தொடர்பைக் காட்டும் ஓர் ஆய்வு, அமெரிக்காவில் முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்களிடம் நடந்து, 2010-இல் வெளிவந்தது. பணியில் சேருமுன் நூற்றுக்கு 4 பேரிடம் இருந்த மனச்சோர்வு, சேர்ந்தபின் சராசரியாக 26 பேரிடம் காணப்பட்டது. வேலை நேரம் கூடக்கூட அறிகுறிகளும் கூடின. ஒரே ஆட்கள், சில மாத இடைவெளி. பிறவிச் சுபாவத்தின் மீது மட்டும் பழியைப் போட இதில் இடமில்லை.

எந்த வேலையில்தான் அழுத்தம் இல்லை, மருத்துவருக்கு நல்ல சம்பளமும் நோயைப் பற்றிய அறிவும் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த அறிவு நோயை மறைக்கவும் உதவிவிடுகிறது. சிகிச்சைக்குப் போனால் எதிரில் உட்காருபவர் தெரிந்த மருத்துவராக இருக்கக்கூடும். விஷயம் வெளியே போனால் பதிவே பறிபோகுமோ என்ற அச்சம் வேறு. 2005 முதல் 2013 வரை, பிரிட்டனில் மருத்துவர்களின் பதிவை நிர்வகிக்கும் பொது மருத்துவ மன்றத்தின் விசாரணையில் இருந்த காலத்தில் 28 மருத்துவர்கள் தற்கொலையால் அல்லது தற்கொலை என்று கருதப்படும் விதத்தில் இறந்ததாக அம்மன்றமே வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மனம் நலிந்த மருத்துவரிடம் நோயாளியை ஒப்படைக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஆபத்து அதிகம் இருப்பது ஒளித்து வைத்த நோயில். 2008-இல் லண்டனில் மருத்துவர்களுக்கென்றே ரகசியச் சிகிச்சைச் சேவை ஒன்று தொடங்கியது; 2017-இல் அது இங்கிலாந்தின் குடும்ப மருத்துவர்கள் அனைவருக்கும் விரிந்தது. நம்பிப் போக ஓர் இடம் கிடைத்ததும் ஆயிரக்கணக்கானோர் தாமாகவே வந்தார்கள்.

சிகிச்சை மட்டும் போதாது. மருத்துவர்களின் பணிச்சோர்வைக் குறைக்கும் வழிகளைப் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளை 2017-இல் தொகுத்துப் பார்த்தார்கள். தனிமனிதருக்குத் தரும் மனப்பயிற்சியைவிட, வேலை முறையை நிறுவனம் மாற்றியபோதுதான் பலன் கூடுதலாகக் கிடைத்தது. தியான வகுப்பு நடத்துவது எளிது. நேரம் கொடுப்பதற்குத்தான் பணமும் ஆட்களும் வேண்டும். 2030-க்குள் ஒவ்வொரு நோயாளிக்கும் குறைந்தது 15 நிமிடம் வேண்டும் என்று குடும்ப மருத்துவர்களின் ராயல் கல்லூரி என்ற தொழில்முறை அமைப்பு 2019-இலேயே கேட்டுவிட்டது. அந்தக் கோரிக்கையை நோயாளிகளும் தங்கள் கோரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.