ஷட்டருக்குப் பின்னால் யார்?

செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு ஜிம்முக்கு ஓராண்டுச் சந்தா கட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் மாதம் போனால் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. 'புதுப்பிக்கும் பணி நடைபெறுகிறது' என்று ஒரு தாள் மட்டும் ஒட்டியிருக்கிறது. மாமல்லபுரம் பக்கம் ரிசார்ட்டில் வரவேற்புக்கு அட்வான்ஸ் கொடுத்தவர், பிள்ளைக்குக் கோச்சிங் சென்டரில் இரண்டு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டியவர், கோவளத்தில் சர்ஃபிங் வகுப்புக்குப் பணம் அனுப்பியவர் என்று யாருக்கும் இது நடக்கலாம். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஆளையே காணோம், இனி யாரைப் போய்க் கேட்கிறது?"

போர்டில் இருக்கும் பெயரைக் கேட்டுப் பயனில்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் சட்டப்படி யார் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். அதற்கு வக்கீல் வேண்டாம், ரசீது போதும்.

ரசீதில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணுக்கு 15 இடங்கள். முதல் இரண்டு 33 என்றால் தமிழ்நாட்டுப் பதிவு. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். அந்தப் பானில் நான்காவது எழுத்தை, அதாவது ஜி.எஸ்.டி. எண்ணில் ஆறாவதாக வருவதை, விரல் வைத்துப் பாருங்கள். 'பர்சன்' என்பதன் ஆங்கில முதலெழுத்து இருந்தால் தனிநபர். 'ஃபர்ம்' என்பதன் முதலெழுத்து என்றால் கூட்டு நிறுவனம், 'கம்பெனி' என்பதன் முதலெழுத்து என்றால் கம்பெனி. அதே எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் இலவசமாகத் தேடினால் சட்டப்படியான பெயர், முகவரி, பதிவு ரத்தாகியிருந்தால் அந்தத் தேதி எல்லாம் வந்துவிடும். ஜி.எஸ்.டி. இல்லாத சின்னக் கடை என்றால், பணம் அனுப்பியபோது யு.பி.ஐ. திரையில் வந்த பெயரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இது ஏன் முக்கியம்? தனிநபர் கடையில் கடையும் ஆளும் ஒன்றே. ஷட்டரை இறக்கினால் கடன் தீர்ந்துவிடாது; அவருடைய வீடு, வண்டி, வங்கிக் கணக்கு எல்லாமே பதில் சொல்லியாக வேண்டும். கூட்டு நிறுவனத்தில் எந்தப் பங்குதாரரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். எல்.எல்.பி. எனும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டு நிறுவனத்துக்கும் 'ஃபர்ம்' எழுத்துதான் வரும், ஆனால் அங்கே பங்குதாரரின் சொந்தச் சொத்தைப் பொதுவாகத் தொட முடியாது. கம்பெனியிலும் அப்படித்தான்.

அடுத்தது, எப்படிக் கட்டினீர்கள்? கார்டு என்றால் பாதி அதிர்ஷ்டம். சேவை கிடைக்கவில்லை என்று கார்டு கொடுத்த வங்கியில் 'சார்ஜ்பேக்' கேளுங்கள். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பெரும்பாலும் 120 நாள் கெடு. 'அடுத்த மாசம் கண்டிப்பா திறக்கிறோம்' என்று வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்திகள் அரித்துத் தின்பது இந்த நாட்களைத்தான். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனுக்குப் போகலாம். கடன் நிறுவனம் மூலம் ஈ.எம்.ஐ. போட்டிருந்தால் கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள், சிபில் மதிப்பெண் அடிபடும். முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு வழக்குப் போடும்போது கடன் கொடுத்தவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள்.

வழக்கு என்றதும் பயம் வேண்டாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஆனால் அது சமரசம் பேசும் இடம், பூட்டிய கடையோடு யார் பேசுவது? என் கணக்கில், ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு நேராக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவதே மேல். செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பெங்களூர்க் கம்பெனி ஏமாற்றினாலும் மாமல்லபுரத்துக்காரர் செங்கல்பட்டு ஆணையத்திலேயே கேட்கலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். உத்தரவை மதிக்காதவருக்கு 72-ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பணம் தராதவரையும் தரவைப்பது பல நேரம் அந்தப் பிரிவுதான். உண்மையிலேயே கையில் ஒன்றும் இல்லாதவரிடம் மட்டும் எந்த உத்தரவும் வெறும் தாளாகிவிடும், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போலீஸ்? 'இது சிவில் விவகாரம்' என்று திருப்பி அனுப்புவார்கள். மூடப்போவது தெரிந்தும் கடைசி நாள் வரை சலுகை விலை என்று வசூல் செய்தார்கள் என்பதற்கு ஆதாரம் இருந்தால் நிலைமை வேறு. அப்போது அது மோசடி.

கம்பெனி திவாலானால்தான் சிக்கல் அதிகம். கோ ஃபர்ஸ்ட் விமானக் கம்பெனி 2023 மே 3 அன்று பறப்பதை நிறுத்தியது. ஒரு வாரத்தில், மே 10 அன்று, தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அதன் திவால் மனுவை ஏற்றது. அந்த நிமிடமே கம்பெனி மீது புது வழக்குக்கும் நடக்கும் வழக்குக்கும் தடை விழுந்தது. நுகர்வோர் ஆணையமும் இதற்கு விலக்கில்லை. டிக்கெட் எடுத்தவர்கள் தீர்ப்பாயம் நியமித்த தீர்வு அதிகாரியிடம் உரிமைகோரல் பதிய வேண்டியதாயிற்று. 2025 ஜனவரியில் கம்பெனியைக் கலைக்கவே உத்தரவானது. கலைப்பில் வங்கிகளும் தொழிலாளர்களும் முன்வரிசை, பயணிகள் வெகு பின்னால். இருந்தாலும் பதிவதை விடக்கூடாது. பொருளுக்கோ சேவைக்கோ முன்பணம் கொடுத்தவரும் 'செயல்பாட்டுக் கடன் கொடுத்தவர்' (ஆபரேஷனல் கிரெடிட்டர்) ஆவார் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது சென்னை மெட்ரோ வேலைக்கான விளக்குகளுக்குக் கொடுத்த 50 லட்சம் பற்றிய வழக்கு. உரிமைகோரும் அறிவிப்பு நாளிதழில் வரும், கெடு பொதுவாக 14 நாள். பக்கம் ஓரத்துப் பொடி எழுத்து விளம்பரத்தை இப்படிப்பட்ட சமயத்தில் படித்தாக வேண்டும்.

இன்னொன்று. அதே கட்டடத்தில் ஆறு மாதம் கழித்து வேறு பெயரில் புது ஜிம் திறக்கும். பழைய ரசீதோடு போய்ச் சண்டை போடாதீர்கள். இடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்தவர் பழைய கடனுக்குப் பொறுப்பில்லை. ஆனால் அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணில் நடுவில் இருக்கும் அந்தப் பத்தும் பழைய ரசீதில் இருந்தவையே என்றால், நோட்டீஸ் அனுப்ப உங்களுக்கு முகவரி கிடைத்துவிட்டது.