நீறு பூத்த நெருப்பு

‘குடலில் புண்’ என்று மருத்துவர் சொன்னதும், வேளைக்குச் சாப்பிடாததால் வந்த வினை என்றே பலர் எண்ணுகின்றனர். வயிற்றுப்புண் வேறு, நாம் இங்குக் காணப்போகும் குடல் அழற்சி நோய் வேறு. இது பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கி, ஆண்டுக் கணக்கில் உடன் வருவது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

இதில் முக்கியமான வகைகள் இரண்டு. ‘அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்’ பெருங்குடலைத் தாக்குவது. மலக்குடலில் தொடங்கி இடைவெளியின்றி மேல்நோக்கிப் பரவும். குடலின் உட்படலத்தைப் புண்ணாக்கும். 1932இல் நியூயார்க் மருத்துவர் பர்ரில் குரோனும் அவருடைய துணைவர் இருவரும் விவரித்த ‘குரோன் நோய்’ வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம், விட்டுவிட்டுத் தோன்றும், குடற்சுவரின் முழுத் தடிப்பையும் ஊடுருவக்கூடும்.

இது எதனால் வருகிறது? நம் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. உடலின் பாதுகாப்பு அமைப்பு அவற்றைப் பொறுத்துக்கொள்கிறது. பரம்பரை இயல்பும் சூழ்நிலையும் சேர்ந்து இந்தப் பொறுமையைக் குலைக்கும்போது, வெள்ளணுக்கள் ஓயாமல் போரிடுகின்றன. சேதமடைவது குடற்சுவர்தான். இரத்தமும் சளியும் கலந்த மலம், வயிற்றுவலி, எடைக் குறைவு, சோகை ஆகியவை அதன் அறிகுறிகள். மலத்தில் இரத்தம் கண்டால் ‘மூலந்தான்’ என்று தாமே முடிவு செய்துகொள்ளலாகாது.

உள்ளே எப்படிப் பார்ப்பது?

வகுப்பில் படிக்கும் முழு அக எதிரொளிப்பு இங்கே கைகொடுக்கிறது. கண்ணாடி இழைக்குள் செல்லும் ஒளி, பக்கச் சுவரில் மாறுநிலைக் கோணத்தைவிட அதிகமான கோணத்தில் படும்போது வெளியேறாமல் உள்ளேயே திரும்புகிறது. இழை வளைந்தாலும் ஒளி அதன் வழியே செல்கிறது. இத்தகைய இழைகளைக் கற்றையாக்கி, 1957இல் அமெரிக்காவில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் உள்நோக்கியைச் செய்தார். இன்றைய கருவிகளின் முனையில் சிறு காமிராவே உண்டு. அதன் வழியே திசுத் துணுக்கையும் எடுத்துச் சோதிக்கலாம்.

நம் நாட்டில் இச்சோதனை மிக முக்கியமானது. குடற் காசநோயும் குரோன் நோய் போலவே தோற்றமளிக்கும். அதைக் குரோன் நோய் என்று கருதி, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டால் காசநோய் பெருகிவிடும். எனவே மருத்துவர் மேலும் சோதனைகள் கேட்டால் சலித்துக்கொள்ளக் கூடாது.

அணைப்பதும் காப்பதும்

சீற்றம் கொண்ட நோயை அணைக்க ஸ்டீராய்டு உதவும் என்பதை 1955இல் இங்கிலாந்தில் டுரூலவ், விட்ஸ் இருவரும் நடத்திய ஆய்வு காட்டியது. ஆனால் அதை நெடுங்காலம் உண்டால் எலும்பு நலியும். திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

நோயைத் தணிந்த நிலையிலேயே வைத்திருக்க வேறு மருந்துகள் உண்டு. 1940களில் சுவீடன் நாட்டு மருத்துவர் நான்னா சுவார்ட்ஸ் அறிமுகப்படுத்திய சல்ஃபசலசைன் இரு பொருள்களின் சேர்க்கை. பெருங்குடலிலுள்ள பாக்டீரியாக்களே அதைப் பிரித்து, வேண்டிய இடத்தில் மருந்தை விடுவிக்கின்றன! 1998 முதல் குரோன் நோய்க்கு இன்ஃபிளிக்சிமாப் என்ற ஊசி மருந்தும் வந்துள்ளது. அதற்கு முன் உடலில் காசநோய் பதுங்கியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். வலி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகின்றனர். வெளியே சாம்பல் தெரிந்தாலும் உள்ளே தணல் இருக்கக்கூடும். உடல்நலம் தேறிய பின்னும் சல்ஃபசலசைனைத் தொடர்ந்து உண்டவர்களுக்கு நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்ததை 1965இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. உள்ளிருக்கும் தணலை அறிய இன்று மலத்தில் கால்புரோடெக்டின் என்னும் புரதத்தை அளக்கின்றனர். அது வெள்ளணுக்களிலிருந்து வருவது.

குரோன் நோயாளிகள் புகைப்பதை அறவே விட வேண்டும். வலி மாத்திரைகளைத் தாமாகக் கடையில் வாங்கி உண்ணலாகாது. பெருங்குடலில் நோய் பரவியிருந்தால், ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோய் உண்டாகிறதா என்று உள்நோக்கியால் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றைக் கடைப்பிடித்துப் படிப்பையும் தொழிலையும் குடும்பத்தையும் நடத்தி வருவோர் பலர். மருந்தை நிறுத்தலாமா என்று வலியைக் கேட்காமல் மருத்துவரைக் கேட்பதே அறிவுடைமை.