ஒரு நாள் கணக்கும் ஏழு ஆண்டுக் கணக்கும்

எரியோட்டில் நம்மிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர், இரண்டு மாத பாக்கிக்குத் தவணை கேட்டு வந்தார். மகளுக்கு நீட் தேர்வில் மார்க் போதவில்லையாம். மறுபடி எழுதப் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டுமாம். “அண்ணாச்சி, பத்தாவதில் குறைவாக எடுத்த பிள்ளை பன்னிரண்டில் நன்றாக ஏறிவிட்டாள். அதையெல்லாம் மருத்துவக் கல்லூரியில் பார்க்க மாட்டார்களா?” என்றார். பல வீடுகளில் உள்ள கேள்வி என்பதால் இங்கே எழுதுகிறோம்.

பார்க்க மாட்டார்கள் என்பதே பதில். அமெரிக்காவில் பெரும்பாலும் பட்டப்படிப்பை முடித்த பிறகுதான் மருத்துவத்தில் சேர்கிறார்கள். அங்கே நுழைவுத் தேர்வோடு, பட்டப்படிப்பின் ஒவ்வோர் ஆண்டு மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். முதலில் தடுமாறிப் பின்னால் ஏறியவருக்கு அது சாதகம். பேரேடு முழுவதையும் புரட்டுகிறார்கள் என்று சொல்லலாம்.

நம் மாநிலத்தில் முறை பல தடவை மாறியது. 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. அதன் பிற்காலத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று கூட்டினார்கள். 2007இல் அது நீங்கி, உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் ‘கட்-ஆஃப்’ பார்த்தார்கள். 2017 முதல் நீட் தேர்வின் 720 மதிப்பெண்தான் தரவரிசைக்குக் கணக்கு. அதில் உயிரியலுக்கு மட்டும் 360, அதாவது சரி பாதி. பன்னிரண்டாம் வகுப்பில் இந்தப் பாடங்களில் பொதுப்பிரிவினர் 50 சதவீதமும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 சதவீதமும் எடுத்தால் போதும். அது வாசலைத் திறக்கும். இடம் வாங்கித் தராது.

மார்க்கை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது. 2024இல் 720க்கு 720 எடுத்தவர்கள் பலர். 2025இல் நாட்டிலேயே முதலிடம் 686தான். போன வருடத்து விலையை வைத்து இந்த வருடம் ஒட்டன்சத்திரம் சந்தையில் கொள்முதல் செய்ய முடியுமா? அந்தந்த ஆண்டின் தரவரிசையைத்தான் பார்க்க வேண்டும்.

நீண்ட கணக்கு ஒன்றும் உண்டு. 6ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட்டிலும் தேறியவர்களுக்கு 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. நடுவில் ஓராண்டு கட்டணம் கட்டித் தனியார் பள்ளிக்கு மாற்றினாலும் இந்த உரிமை போய்விடும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியிலும் மாநில இடங்களுக்கு இதே முறைதான். சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் பள்ளியை மாற்றுமுன் யோசிக்கவும்.

மறுபடி எழுதுவதில் தவறில்லை. பழைய குறைந்த மார்க் குறுக்கே நிற்காது. அந்த ஆண்டின் நீட் மார்க் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே. ஆனால் கல்லூரி பார்க்காத ஏற்ற இறக்கத்தைப் பெற்றோர் பார்க்க வேண்டும். பயிற்சித் தேர்வு மார்க்குகளை மாத வாரியாக எழுதிப் பாருங்கள். ஏறிக்கொண்டே வந்தால் இன்னோர் ஆண்டு முதலீடு. ஒரே இடத்தில் நின்றால், கடைச் சரக்கை அடகு வைத்துப் பணம் கட்டுவதற்கு முன் பிள்ளையை உட்காரவைத்துப் பேசுங்கள். மருத்துவம் ஒன்றே படிப்பு அல்ல.

நண்பரிடமும் அந்த மார்க்குகளைத்தான் கேட்டோம். மறுநாள் பிள்ளையே நோட்டோடு வந்தாள். ஆறு மாதமும் ஏறுமுகம். பாக்கிக்குத் தவணை கொடுத்துவிட்டோம்.